டீ வண்டியின் மணி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். இல்லாவிட்டால் அண்ணன் நடுவில் வந்து, "சரி சரி, ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, சண்டை சூடு பிடிப்பதற்குள் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நேற்று கடைசி மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, டிரைவிங் ஸ்கூல் காரை அப்படியே முதியோர் இல்லத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் நின்றேன். அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு சுவரொட்டி. "முதியவர்கள் ஏன் விழுகிறார்கள்?" என்று தலைப்பு. பல இல்லங்களில் பணியாளர்கள் தினமும் எழுதிவைக்கும் குறிப்புகளை ஆராய்ந்ததில் தெரியவந்தது என்று கீழே சில வரிகள், உதாரணங்களோடு. அதில் ஒன்றை அப்படியே எழுதுகிறேன்:

"முன்பு பேருந்து நடத்துநராக இருந்த ஒருவர், டீ வண்டியின் மணி கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து, 'இறங்கறவங்க முன்னால வாங்க, முன்னால வாங்க' என்று குரல் கொடுக்கிறார். பிடிமானம் இல்லாமல் நிற்கிறார்."

என் பக்கத்தில் எதிர் அறை அம்மாவின் மகன் நின்றிருந்தார். அவரும் படித்தார். "அட, இது நம்ம கண்டக்டர் சாரு இல்ல?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்பாவுக்கு எப்போதும் பிஸ்கட் வாங்கிவருகிறவர். ஆனால் அவர் சிரித்ததும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெயர் போடவில்லையாம். பெயர் எதற்கு? அந்த இல்லத்தில் இன்னொரு கண்டக்டரைக் காட்டுங்கள் பார்ப்போம். பிதுங்கி வழிகிற ஒரு பஸ்ஸையே அந்தக் குரலால் அடக்கி ஆண்டவர் அப்பா. இப்போது அதே குரலைச் சாப்பாட்டு நேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தி மாட்டியிருக்கிறார்கள்.

சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில், பெரியாஸ்பத்திரியின் தரவுப் பகிர்வுக் குழு அனுமதித்தது என்று போட்டிருந்தது. அந்தக் குழுவின் செயலாளர் யார் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் அண்ணன் பெண்டாட்டி.

வீட்டு மனிதரின் தள்ளாமையை ஊரார் படிக்கக் கொடுக்க உங்களுக்கு மனசு எப்படி வந்தது அண்ணி? அந்தச் சுவரொட்டி இறங்க வேண்டும். அப்பாவைப் பற்றி ஓர் எழுத்துகூட அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கையில் இருக்கக் கூடாது. அதற்கு என்ன வழியோ சொல்லுங்கள்.

சின்ன வயதில், அப்பா டியூட்டி முடிந்து வந்ததும் அவருடைய தோல்பையைக் கவிழ்த்து, மிச்ச டிக்கெட்டை எண்ணிப் பார்க்கிறேன் என்று உட்காருவேனாம். அதற்காக அவர் வைத்த பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன். இப்போது என் சொந்தப் பெயரைவிட அதுதான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

செக்கர்

*

பிப்ரவரி 9

செக்கருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன்தான் முதலில் பிரித்தார். படித்து முடித்ததும், "ஆபீஸ்ல அவசர வேலை" என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

சுவரொட்டியை இறக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் இல்லத்தில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் இறக்கியாகிவிட்டது.

ஆனால், மனசு எப்படி வந்தது என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் மேஜைக்கு ஒரு கோரிக்கை வந்தால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவதில்லை. யார் கேட்கிறார்கள், எதற்கு, எங்கே வைத்துப் படிப்பார்கள், வேறு யார் கை படும், வேலை முடிந்ததும் அதை என்ன செய்வார்கள் என்று துளைத்தெடுக்கிறோம். போன மாதம்கூட ஒரு காப்பீட்டுக் கம்பெனி ஆராய்ச்சி நிலையம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வந்தது. வந்த வழியே திருப்பி அனுப்பினேன்.

இந்தக் கோரிக்கைக்கு நான் ஆதரவாகத்தான் பேசினேன். ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியும், இடுப்பெலும்பு முறிந்து உள்ளே வரும் முதியவர்களில் பலர் பழையபடி நடந்து வெளியே போவதில்லை. ஏன் விழுந்தார்கள் என்று எங்கள் காகிதத்தில் இருக்காது. 'விழுந்தார்' என்று ஒரு சொல்தான் இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதிய குறிப்பில்தான் காரணம் இருக்கும். அந்தக் குறிப்புகளைக்கூடப் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தோம்.

மாமா உனக்கு அப்பா. எனக்கும் அவர் வெறும் மாமனார் இல்லை. உன் கடிதத்தைப் படித்தால் நீ அதை மறந்துவிட்டது போல் இருக்கிறது.

அவருக்காகக் கையெழுத்துப் போடும் பொறுப்பு உன்னுடையது. பகிர வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்குப் போகும் தொகுப்பை அடுத்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். மூடிய பிறகு ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. அதற்குள் அனுப்பு.

அண்ணி

*

பிப்ரவரி 14

அண்ணிக்கு,

படிவத்தை இன்று தபாலில் சேர்த்தேன். எங்கெல்லாம் கட்டம் இருந்ததோ அங்கெல்லாம் 'வேண்டாம்' என்று போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

வருகிறவர்களைக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பதாக எழுதியிருந்தீர்கள். நானும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வரியைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் நீங்கள் படித்தீர்களா?

படிக்கவில்லை என்றால் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று கோபப்படுவேன். படித்தேன் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

செக்கர்

*

பிப்ரவரி 21

செக்கர்,

படித்தேன்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு மேலே எழுத முடியாமல் காகிதத்தை மேஜையிலேயே போட்டு வைத்திருந்தேன். உன் அண்ணன் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்தார்.

சுவரொட்டியின் மாதிரி எங்கள் கூட்டத்துக்கு வந்தது. குழுவில் ஒரு டாக்டர், ஒரு வக்கீல், கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர், நான். பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. அந்த நாற்காலி வெகுநாளாகக் காலி. அதில் எங்கள் கைப்பைகளை வைப்போம். இல்லங்களின் பட்டியலைப் பார்த்ததும், "என் மாமனார் இதுல ஒரு இடத்துல இருக்கார்" என்று முறைப்படி சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மேலே போனோம்.

ஒவ்வொரு வரியாக வாசித்தோம். அந்த வரி வந்தபோது நான் சிரித்தேன், செக்கர். கேலியாக இல்லை. யாரோ ஒரு மனிதர், பாவம், இன்னும் டியூட்டியிலிருந்து இறங்கவில்லை என்று தோன்றியது. அவரை எனக்குப் பிடித்துப்போனது. வக்கீல் பொதுவாக எல்லாரையும் பார்த்து, "இதைப் படிச்சா யாருக்காவது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது" என்று சொன்னவள் நான்தான்.

அந்த அறையில் அதற்குச் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். எனக்குத்தான் தெரியவில்லை.

என் மனதில் இருக்கும் மாமா எழுந்து நிற்கத் தடுமாறுகிறவர் இல்லை. கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டு வாசலில் உள்ளே வரத் தயங்கி நின்றேன். அவர் பஸ் படியில் தொங்குகிற மாதிரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, "உனக்கு டிக்கெட் கிடையாதும்மா. நீ பாஸ். எப்ப வேணா ஏறலாம், எங்க வேணா எறங்கலாம்" என்றார். சொந்தத் தம்பியிடமே பாஸை வாங்கித் தேதி பார்த்தவர் என்று அவரைப் பற்றி நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். என்னை மட்டும் அப்படி ஏற்றிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு எங்கேயும் தயக்கம் வந்ததில்லை.

நான் கடைசியாகப் பார்த்தபோது இல்லத்தின் கேட் வரை நடந்து வந்து வழியனுப்பினார். டீ வண்டி மணிக்கு எழுந்திருப்பதெல்லாம் பிறகு வந்த பழக்கம். எனக்கு அது தெரியாது, ஏனென்றால் நான் வரவில்லை. ஆடிட், கூட்டம், உன் அண்ணனின் முதுகுவலி என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று. போனில் உன்னிடம், "எப்படி இருக்கார்?" என்பேன். "அப்படியேதான் இருக்கார்" என்பாய். அப்படியேதான் இருக்கிறார் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

கோபப்படு. இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்.

அண்ணி

*

மார்ச் 4

அண்ணிக்கு,

அண்ணனிடம் போனில் சொன்னது பாதிதான். "கை எலும்புதான், கட்டுப் போட்டாச்சு, பயப்படாத" என்று சொல்லிவிட்டேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

டீ வேளையில்தான் விழுந்தார். மணி கேட்டு எழுந்திருக்கிறார், முன்னால் இருந்த கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டியிருக்கிறார். அங்கே கம்பி ஏது? நல்ல காலம், இடுப்பு தப்பியது. மணிக்கட்டு போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அவரோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பா யாரையும் கிட்டே விடவில்லை. "வண்டிய எடுக்கணும், விடுங்கப்பா" என்று உடைந்த கையை உதறிக்கொண்டிருந்தார்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திறந்தார். இல்லத்துக் குறிப்புகள் அதில்தான் வர வேண்டுமாம், ஒன்றுகூட வரவில்லை.

"குடும்பத்துல இருந்து பகிர வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களாம்மா?" என்றார்.

"அது ஆராய்ச்சிக்குத்தான் டாக்டர்."

"இல்லையே. ஆராய்ச்சிக்கு ஒண்ணு, வைத்தியம் பாக்கற எங்களுக்கு ஒண்ணு. ரெண்டுலயும் வேண்டாம்னு இருக்கே."

அப்பா கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். இனியும் கையை ஆட்டினால் எலும்பு இன்னும் விலகும் என்று அவரை அமைதிப்படுத்த ஊசி போட்டார்கள். போட்டு முடித்த பிறகுதான் எனக்கு மண்டையில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. ஏதோ ஓர் ஊசி இவருக்கு ஆகாது என்று இல்லத்து மேட்ரன் எப்போதோ சொல்லியிருந்தார். இல்லத்துக்குப் போன் போட்டேன். "ஐயோ, அதத்தானே போடவே கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கோம்" என்றார் மேட்ரன்.

அதற்குப் பிறகு அப்பா கட்டை மாதிரி கிடந்தார். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "செக்கர் வந்திருக்கேன்பா, செக்கர் வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நேற்றுத்தான் தலையைத் திருப்பினார். "டிக்கெட் எண்ணியாச்சா?" என்றார். நான் போட்ட சத்தத்தில், அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

உங்கள் மேல் கோபப்படுவதற்காகத்தான் இன்று பேனாவை எடுத்தேன். பாதியிலேயே அது என் பக்கம் திரும்பிக்கொள்கிறது. கட்டத்தை நிரப்பியது என் கை. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நிரப்பியதும் நான்தான். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்புகிற பிள்ளைகளை நாள் முழுக்கத் திட்டுகிறவள் நான். ஆனாலும், ரெண்டு கட்டமும் வேறு வேறு என்று ஒரு வரி நீங்கள் எழுதியிருக்கலாமே அண்ணி. ஒரு வரி.

செக்கர்

*

மார்ச் 8

செக்கர்,

எழுதியிருக்க வேண்டும். படிவத்தை உறைக்குள் போடும்போது எனக்கு அது தோன்றியது. பேனாவைக்கூட எடுத்தேன். பிறகு, 'மனசு எப்படி வந்தது என்று கேட்டவள்தானே, தானே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்' என்று மூடிவிட்டேன். முன்பின் தெரியாத யாராவது வந்து கேட்டிருந்தால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கட்டம் கட்டமாக விளக்கியிருப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வீம்பெல்லாம் உன்னிடம்தான்.

அதோடும் போகவில்லை. எங்கெல்லாம் கட்டம் இருந்ததோ அங்கெல்லாம் வேண்டாம் என்று போட்டதாக நீயே எழுதியிருந்தாய். படித்தவுடன் எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குக் கீழேயே உன் கேள்வி இருந்தது. என் கண் அங்கே போய் நின்றுவிட்டது. படிவம் வேறொரு மேஜைக்குப் போனது, அவர்கள் நீ எழுதியபடி எல்லாக் கதவையும் அடைத்துவிட்டார்கள். மாமாவைப் பற்றிய வரியைப் படித்தும் படிக்காமல் விட்டது எனக்கு இது இரண்டாவது தடவை. ஊசி போட்டபோது நீ தனியாக நின்றிருந்தாய்.

வைத்தியத்துக்கு மட்டும் சம்மதம் என்று நீ அனுப்பிய புதுக் கையெழுத்து வந்தது. வைத்தியத்துக்கான வழியை அன்றைக்கே திறந்துவிட்டார்கள். இனி அவரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அந்த ஊசியின் பெயர்தான் முதலில் கண்ணில் படும். ஆராய்ச்சிக்கான கட்டத்தை யாரும் தொடவில்லை. அது நீ சொன்னபடி மூடியே இருக்கிறது.

தொகுப்பை மூடுவதைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். உனக்காக மட்டும் என்று நினைக்காதே. இதே படிவம்தான் எல்லாக் குடும்பங்களுக்கும் போகிறது. இன்னும் எத்தனை பேர் கோபத்திலோ அவசரத்திலோ இரண்டையும் அடைத்துவைத்திருக்கிறார்களோ. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறோம். இனிமேல் இரண்டும் ஒரே தாளில் இருக்காது. தனித்தனித் தாள், தனித்தனிக் கையெழுத்து.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தக் காலி நாற்காலிக்கு நீ வருகிறாயா? செயலாளரின் நாத்தனாரை உட்கார வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று வக்கீல் இழுத்தார். "அவ எனக்குச் சாதகமா பேசுவான்னு பயப்படறீங்களா?" என்று கேட்டு, உன் முதல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இவங்கதான் வேணும்" என்றார். உங்கள் இல்லத்தின் விஷயம் வரும்போது நீயும் நானும் வெளியே போய்விட வேண்டும் என்று மட்டும் நிபந்தனை.

சனிக்கிழமை வருகிறேன். உன் அண்ணனும் கூட வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டே நம் சண்டையைக் கெடுத்துவிடுவார்.

அண்ணி

*

மார்ச் 19

அன்புள்ள அண்ணி,

உங்களோடு சண்டை போட நிறைய எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் வந்ததும் வராததுமாக நகவெட்டியை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்குத் திரும்பியிருந்த அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நகம் வெட்டுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? எடுத்து வைத்ததெல்லாம் அப்படியே ஆறிப்போய்விட்டது.

அப்பா உங்களை "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று என்னிடம் கேட்டபோது உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஜன்னலைப் பார்த்தேன். "அண்ணிப்பா" என்றேன். "ஓஹோ" என்றார், மரியாதைக்கு. அவர் என்னையும் சில நாள் அப்படித்தான் பார்க்கிறார். செக்கர் என்று சொன்னால்தான் விளங்குகிறது.

கிளம்பும்போது படிக்கட்டில் நின்று ஒன்று சொன்னீர்களே, விழுகிறவர்களில் நிறையப் பேர் டீ வேளையில்தான் விழுகிறார்கள், ஏன் என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பிடிபடவில்லை என்று. அது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் டீ நேரத்துக்கு வகுப்பு எதுவும் வைத்துக்கொள்ளாமல் அப்பாவின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

டீ வண்டி தள்ளும் அம்மா ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு தடவை மணி அடிப்பார். எங்கள் வாசலில் 'டிங்' என்று கேட்டதும் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது, கால் தரையைத் தேடியது. நான் பாய்ந்து தோளை அழுத்தினேன். அப்போதுதான் புரிந்தது. நான் கண்டக்டர் பெண் அண்ணி, எனக்கு இது இவ்வளவு நாள் உறைக்கவில்லை பாருங்கள். ஒரு மணி அடித்தால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். ஆள் இறங்கும், ஏறும். கண்டக்டர் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்துதான் ஆக வேண்டும்.

வெளியே போய் அந்த அம்மாவிடம், "நாளைலேருந்து எங்க வாசல்ல ரெண்டு தடவ அடிங்க" என்றேன்.

"அதென்னம்மா உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலு?"

"அடிச்சுத்தான் பாருங்களேன்."

மறுநாள் அடித்தார். டிங் டிங். அப்பா எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "போலாம் ரைட்" என்றார். டீயை வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். வண்டி தள்ளும் அம்மாவுக்கு அவர் குரல் கேட்காமல் அடுத்த வாசலுக்கு நகரவே மனசு வருவதில்லையாம்.

இதை அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களிடம் இருக்கும் குறிப்பில் மணி கேட்டால் எழுகிறார் என்று இருந்திருக்கும். எத்தனை தடவை அடித்தது என்று யார் எழுதப்போகிறார்கள்? ஆனால் அவர்கள் டீ வேளை என்று கண்டுபிடிக்காவிட்டால் நானும் அந்த நேரத்தில் போய் உட்கார்ந்திருக்க மாட்டேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்பாவையே கேட்டுப் பார்த்தேன். தெளிவாக இருந்த ஒரு காலையில், "உங்களப் பத்தி எழுதி வெச்சிருக்கறத மத்தவங்க படிக்கலாமாப்பா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "கூட்டமா இருந்தா சத்தமாத்தான் சொல்லணும்" என்றார். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் நான் உங்கள் காப்பீட்டுக் கம்பெனியைவிட மோசமானவள். அவர் இனிமேல் சம்மதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நான்தான் அவருக்காக யோசிக்க வேண்டும். கோபத்தில் யோசித்தது போதும்.

அதனால் கேளுங்கள். அப்பாவின் குறிப்புகள் ஆராய்ச்சிக்குப் போகட்டும். படிக்கட்டும், எண்ணட்டும், ஒப்பிடட்டும். இன்னொரு வீட்டுப் பெரியவர் விழாமல் இருந்தால் அப்பா சந்தோஷப்படுகிற ஆள்தான். படியில் தொங்குகிறவனை உள்ளே இழுக்காமல் அவர் மணி அடித்ததில்லை. ஆனால் அவர் பேசிய பேச்சை அப்படியே எடுத்து எங்கேயும் ஒட்டக் கூடாது. யாருடைய பேச்சாக இருந்தாலும், வெளியே விடும் முன் அந்த மனிதரோடு தினம் பழகுகிற ஒருவர் படித்துப் பார்த்து, ஆள் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். புதுத் தாள் இத்துடன் இருக்கிறது. இந்தத் தடவை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், பின்பக்கம் உட்பட.

நாற்காலிக்கும் வருகிறேன். என் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் எனக்கு ஒரு பிரேக். பிள்ளைகள் ஓட்டுவதை நான் தடுப்பதில்லை, தேவைப்பட்டால் மட்டும் மிதிப்பேன். உங்கள் மேஜைக்கு அடியிலும் அப்படி ஒன்று இருக்கட்டும். பைகளை எடுத்துக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

செக்கர்

*

ஏப்ரல் 2

அன்புள்ள செக்கர்,

பைகளைக் கீழே வைத்தாயிற்று. நாற்காலியைத் துடைத்தபோது அதன் கை ஒன்று ஆடுகிறது என்று தெரிந்தது. இத்தனை நாள் யாரும் உட்காராததால் யாருக்கும் தெரியவில்லை. தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் நிபந்தனையைக் குழுவில் வைக்க என்னை விடவில்லை, அறைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். வக்கீல்தான் வாசித்தார். கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர், "பேரை எடுத்தா போதும்னுதான் நெனச்சேன்" என்று முணுமுணுத்தாராம். முழுதாக ஏற்றுக்கொண்டார்கள். இனி யாருடைய பேச்சும் அவரோடு பழகுகிறவர் படித்துப் பார்க்காமல் வெளியே போகாது.

நீ சொன்ன மணி விஷயத்தை ஆராய்ச்சிக்காரர்களிடம் சொன்னேன். குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் படித்திருக்கிறார்கள். மணி கேட்டால் எழுகிறவர் மாமா மட்டும் இல்லை. அவரவருக்கு அவரவர் மணி. அதற்கு மேல் கேட்காதே, சொல்ல மாட்டேன். கற்றுக்கொண்டேன். சில இல்லங்களில் டீ வண்டிகளின் மணியைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள். உங்கள் இல்லத்தில் மட்டும் மணி இருக்கட்டும் என்று நான் சொல்ல முடியாது. மேட்ரனிடம் நீ சொல்.

நான் வந்திருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். எழுதினால் பரவாயில்லை.

என்னை ரயிலடிக்குக் கொண்டுவிட நீ காரை எடுக்கப் போனாய். நானும் மாமாவும் தனியாக இருந்தோம். அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு கட்டுப் போடாத கையை என் முன்னால் நீட்டி, "டிக்கெட்?" என்றார். அதட்டல் இல்லை, வேலை செய்கிறவரின் குரல். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து நின்றதைப் படித்தபோது அது யார் என்று எனக்கும் தெரியவில்லை, அவரை நான் என்ன சொல்ல முடியும்? கிளம்பத் தயாராகப் பையோடு நின்றிருந்தேன். பதில் வாயில் தானாக வந்தது.

"பாஸ் மாமா" என்றேன்.

எடுத்துக் காட்டச் சொல்வார் என்று நினைத்தேன். தம்பியிடமே வாங்கித் தேதி பார்த்தவராயிற்றே. என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு, கட்டுப் போட்ட கையைத் தன் பக்கமாக ஒதுக்கிக் கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.

"அப்ப ஏம்மா நின்னுட்டே வர்ற? உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். நீ வாசலில் ஹார்ன் அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி